பட்டாணியில் மிளகாய்த்தூள் போடுவதற்கு முன்

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் என்றைக்குச் சுருக்கமாகப் பேசினார் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழைக்கப் போன ஊரின் சாப்பாட்டில் ஒன்றிரண்டையாவது அந்த ஊர்க்காரர்கள் சமைக்கிற மாதிரியே சமைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். உங்களில் பாதிப் பேர் இன்று வெளிநாட்டில் இருக்கிறீர்கள். "உப்பு இல்லை, உறைப்பு இல்லை, மனுஷன் சாப்பிடுவானா இதை" என்று ஒதுக்கிவிட்டு, பத்து வருஷம் ஒரு ஊரில் குடியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன்? என் மகள் டப்ளினில் நர்ஸாக இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்றதிலிருந்து வருஷத்தில் சில மாதம் நானும் அங்கே போய் இருக்கிறேன். போன மாதம் பட்டாணியும் உருளைக்கிழங்கும் சேர்த்து மசித்து, நடுவில் வெண்ணெய் வைத்த ஒரு தட்டைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். "ஆஸ்பத்திரிச் சாப்பாடா அத்தை?" என்றது ஒரு பதில். "பெரியம்மா, ஊறுகாய் அனுப்பவா?" என்றது இன்னொன்று. சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பேரன் என்ன சிரிப்பு என்று கேட்டான். படித்துச் சொன்னேன். அவனுக்கு எட்டு வயது. "என் க்ளாஸ்லயும் இப்படித்தான் பாட்டி. சாம்பார் சாத டப்பாவைத் திறந்தா மூக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க" என்றான்.

அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் குழந்தையின் டப்பாவைப் பார்த்து மூக்கைப் பிடிப்பது தவறு என்றால், அவர்கள் தட்டைப் பார்த்து நாம் முகம் சுளிப்பதும் தவறுதான். இதில் நமக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயம் கிடையாது.

சரித்திர டீச்சர் ஆயிற்றே, கதைக்கு வருகிறேன். 12ஆம் நூற்றாண்டில் நார்மன்கள் அயர்லாந்தில் வந்து குடியேறியபோது, அவர்கள் காலூன்றிய கிழக்கு, தெற்குப் பகுதிகளில் பட்டாணியும் பீன்ஸும் வயல்பயிராகப் பரவின. உருளைக்கிழங்கு அந்த மண்ணுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதற்கு முன்பு ஓட்ஸ், பால், மோர், வெண்ணெய் இவைதான் ஏழைக்கும் பணக்காரனுக்கும் அடிப்படை. மிளகும் கிராம்பும் கடல் கடந்து வர வேண்டிய விலை உயர்ந்த சரக்குகள். குடியானவன் அடுப்பில் அவற்றுக்கு ஏது இடம்? குளிர்காலத்துக்கென்று காயவைத்த பட்டாணி, உப்புப் போட்ட பன்றி இறைச்சி, தோட்டத்து வெங்காயத்தாள் என்று கையில் இருந்ததை வைத்துச் சமைத்தார்கள். நம் ஊர்க் கம்பங்கூழில் ஏலக்காய் இல்லை என்று யாராவது குறை சொல்வோமா?

பிறகு பஞ்சம் வந்தது. 1845இல் உருளைக்கிழங்குச் செடியில் கருகல் நோய் விழுந்தது. அன்றைக்கு நாட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கு அந்தக் கிழங்கே முழுச் சாப்பாடு. அடுத்த சில வருஷங்களில் பசியிலும் காய்ச்சலிலும் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் சுமார் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். 1841 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் 65 லட்சத்துச் சொச்சமாகக் குறைந்துவிட்டது. மிகக் கொடுமையான 1847இல்கூட அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் தானியமும் வெண்ணெயும் கால்நடைகளும் ஏற்றுமதி ஆயின. அந்தச் சரக்குப் பட்டியலில் பட்டாணியும் இருந்தது.

என்னிடம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பாடம் நினைவுக்கு வர வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சம். அப்போதும் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. ஆண்டவர்கள் ஒருவரே, கணக்கும் ஒன்றே. அயர்லாந்துப் பஞ்சத்துக்கு 1846இல் கல்கத்தாவில் நிதி திரட்டி அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மக்களின் பட்டாணிக் கஞ்சியைப் பார்த்துச் சிரிக்க, உலகத்தில் மற்ற யாரைவிடவும் நமக்கு உரிமை குறைவு.

சரி, சமையலுக்கு வருவோம். மூன்று பண்டம் சொல்கிறேன்.

முதலாவது, வினிகர் விட்ட சூடான பட்டாணி. பெல்ஃபாஸ்ட் பக்கத்தில் இது பிரபலம். கிண்ணத்தில் சுடச்சுடப் பட்டாணி, மேலே வினிகர், உப்பு, வெள்ளை மிளகுத்தூள். அவ்வளவுதான். இதற்கு 'மாரோஃபேட்' என்ற பெரிய பட்டாணி வகை வேண்டும். செடியிலேயே முற்றிக் காயவிட்டு எடுப்பது. அங்கே கடைகளில் அட்டைப்பெட்டியில், கூடவே ஊறவைக்க ஒரு சோடா மாத்திரையோடு விற்கிறார்கள். நம் ஊரில் சுண்டலுக்கு வாங்கும் காய்ந்த பச்சைப் பட்டாணி போதும். ஊறவைத்த தண்ணீர் சாயம் மாதிரி அடர்பச்சையாக இறங்கினால் மட்டும் அந்தக் கடையில் மறுபடி வாங்காதீர்கள்.

கால் கிலோ பட்டாணிக்கு ஒரு தேக்கரண்டி சமையல் சோடா. கொதிக்கும் தண்ணீர் விட்டு இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் இரண்டு மூன்று தண்ணீரில் கழுவிப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். முக்கால் மணி நேரத்துக்குள் குழையத் தொடங்கும். சோடா தோலை இளக்கும், பச்சை நிறத்தையும் காப்பாற்றும். ஆனால் பி1 வைட்டமினை அழித்துவிடும். அதனால் அளவோடு போடுங்கள். வினிகரைக் கடைசியில்தான் விட வேண்டும். புளிப்பு முதலில் சேர்ந்தால் பருப்பு வேகாது என்பது புளி கரைத்து விட்ட சாம்பாரில் வேகாத பருப்பைப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். பெல்ஃபாஸ்ட் பாட்டிக்கும் நம் ஆச்சிக்கும் இந்த ரசாயனத்தை யாரும் பள்ளியில் சொல்லிக்கொடுக்கவில்லை. இருவருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டாவது, பட்டாணி சூப். பன்றித் தொடையை வேகவைத்த தண்ணீரை அந்த வீடுகளில் கொட்ட மாட்டார்கள். அதில் ஊறிய பட்டாணி, வெங்காயம், கேரட், செலரி போட்டு, எலும்போடு ஒன்றரை இரண்டு மணி நேரம் மெதுவாகக் கொதிக்கவிடுவார்கள். இறைச்சியிலேயே உப்பு இருப்பதால் கடைசியில் ருசி பார்த்த பிறகே உப்பு.

"நாங்க பன்றி சாப்பிட மாட்டோமே டீச்சர்" என்பீர்கள். இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். மகளுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த வாரம், பக்கத்து வீட்டு அம்மா ஒரு பாத்திரத்தில் பட்டாணி சூப் கொண்டுவந்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கதவருகிலேயே நின்று, "இதில் எலும்பு போடவில்லை, நீங்கள் சாப்பிட மாட்டீர்கள் என்று தெரியும். வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கிச் சேர்த்திருக்கிறேன்" என்றார். அந்த சூப்புக்கு எலும்புதான் உயிர் என்று அவருக்குத் தெரியாதா? நமக்காக விட்டுக்கொடுத்துச் செய்திருக்கிறார். நீங்களும் அப்படியே செய்யலாம். வெண்ணெயில் வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, ஒரு பிரிஞ்சி இலை, கொஞ்சம் தைம் இலை போட்டால் நல்ல மணம் வரும். குக்கரில் வைத்தால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், பட்டாணி நுரைத்துக்கொண்டு விசில் அடைக்கும்.

மூன்றாவதுதான் நான் படம் போட்ட 'சாம்ப்'. வடக்கே அல்ஸ்டர் பகுதியின் பண்டம். வழக்கமாக வெங்காயத்தாளைப் பாலில் வேகவைத்து உருளைக்கிழங்கோடு மசிப்பார்கள். பச்சைப் பட்டாணி கிடைக்கும் பருவத்தில் பட்டாணி சேர்த்த சாம்ப். பழைய காலத்தில் பெரிய பானையில் கிழங்கைப் போட்டு, 'பீட்டில்' என்ற மர உலக்கையால் இடிப்பார்களாம். நம் வீட்டுக் கீரை மத்து நினைவுக்கு வருகிறதா?

நாலு பேருக்கு ஒரு கிலோ மாவுக்கிழங்கைத் தோலோடு வேகவையுங்கள். தண்ணீரை வடித்து, அதே பாத்திரத்தில் மெல்லிய தீயில் ஈரம் போக உலர்த்தித் தோலை உரியுங்கள். கால் லிட்டர் பாலில் கால் கிலோ பச்சைப் பட்டாணியை ஐந்தாறு நிமிடம் வேகவிடுங்கள். கிழங்கு சூடாக இருக்கும்போதே மசித்து, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பட்டாணியை அரைகுறையாக நசுக்கிச் சேர்த்து, உப்பும் மிளகும் போடுங்கள். தட்டில் குவித்து நடுவில் குழி செய்து ஒரு துண்டு வெண்ணெய். ஓரத்திலிருந்து கரண்டியால் எடுத்து, குழியில் உருகிய வெண்ணெயில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். பருப்புச் சாதத்துக்கு நடுவே குழி செய்து நெய் விட்டுச் சாப்பிட்ட யாருக்கும் இந்த முறையை விளக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் மறுப்புகள். "என் வீடு, என் நாக்கு, மிளகாய்த்தூள் போட்டால் யாருக்கு நஷ்டம்?" யாருக்கும் நஷ்டம் இல்லை. தாராளமாகப் போடுங்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. முதல் தடவை அப்படியே செய்து, அப்படியே சாப்பிட்டுப் பாருங்கள். பாலின் இனிப்பும் பட்டாணியின் இனிப்பும் வெண்ணெயின் உப்பும் அப்போதுதான் தனித்தனியாகத் தெரியும். ருசி பார்க்காமல் திருத்துவது, விடைத்தாளைப் படிக்காமல் மார்க் போடுவது மாதிரி.

"அந்த ஊர்ப் பிள்ளைகளே இப்போது பீட்ஸாவும் உறைந்த பட்டாணியும்தானே சாப்பிடுகிறார்கள்?" உண்மை. நம் பிள்ளைகள் மட்டும் தினமும் களியும் கூழுமா சாப்பிடுகிறார்கள்? உறைந்த பட்டாணியும் குற்றமில்லை. சாம்புக்கு அது நன்றாகவே பொருந்தும்.

"நாம் அவர்கள் சாப்பாட்டைக் கற்றுக்கொண்டால் நம்முடையது மறந்துபோகாதா?" இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் டப்ளினில் மீனும் சிப்ஸும் விற்கும் கடைகளைப் பாருங்கள். அவற்றில் பலவற்றை நடத்துபவை, இத்தாலியில் காசலாட்டிகோ என்ற சிறிய ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த குடும்பங்கள். 1880களில் ஜுசெப்பே செர்வி என்ற இத்தாலியர் டப்ளினில் இந்த வியாபாரத்தைத் தொடங்கியதாகச் சொல்வார்கள். இன்று அந்தக் கடைகளில் மசித்த பட்டாணியும் ஒரு கிண்ணம் கிடைக்கும். அவர்கள் தலைமுறை தலைமுறையாக ஊர்க்காரர்களின் வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டைப் பொரித்துக் கொடுத்தார்கள். இத்தாலிய உறவையும் விடவில்லை, அந்த ஊருக்கும் சொந்தமானார்கள். ஒன்றைக் கற்றால் இன்னொன்று அழியும் என்பது சமையலறையில் உண்மை இல்லை. வகுப்பறையிலும் இல்லை, இரண்டு மொழி படித்த உங்களுக்கே தெரியும்.

பேரனிடம் நான் சொன்னது இதுதான்: "உன் டப்பாவைப் பார்த்துச் சிரிப்பவனிடம் சண்டை போடாதே. அவன் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று கேள். அவனுக்கு ஒரு வாய் கொடு, அவனிடம் ஒரு வாய் கேள்." அவன் கேட்பானோ மாட்டானோ, அது அவன் பாடு. ஆனால் வீட்டில் பெரியவர்கள் அடுத்தவர் தட்டைப் பார்த்துச் சிரிப்பதைக் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு இதைச் சொல்லும் தகுதி நமக்கு இருக்காது.

அதனால் வழக்கம்போல் வீட்டுப்பாடம் தருகிறேன். ஜெர்மனியோ ஜப்பானோ, துபாயோ டொராண்டோவோ, எங்கே இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரரிடமோ உடன் வேலை செய்பவரிடமோ, "உங்கள் பாட்டி என்ன சமைப்பார்கள்?" என்று ஒருமுறை கேளுங்கள். அவர்கள் சொன்னபடியே ஒருநாள் சமையுங்கள். உள்ளூரில் இருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை சாம்ப் செய்து பாருங்கள், கிழங்கும் பட்டாணியும் பாலும் எந்தத் தெருவிலும் கிடைக்கும். எப்படி வந்தது என்று கீழே எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் எழுதலாம், சாப்பிட்ட பிறகு சொன்னால் மார்க் குறைக்க மாட்டேன். ஊறுகாய் அனுப்புகிறேன் என்ற பெண்ணே, கட்டாயம் அனுப்பு. பக்கத்து வீட்டு அம்மா எலுமிச்சை ஊறுகாய் ருசி பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் சரித்திர டீச்சர்