திரை அணைந்தால் கருவி அணைந்ததாகுமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலர், வேலை முடிந்ததும் மானிட்டர் பட்டனை மட்டும் அழுத்திவிட்டு எழுந்து போய்விடுவார்கள். திரை கறுப்பாகிவிடும். ஆனால் மேசைக்கு அடியில் சி.பி.யு. ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். வீட்டில் இதனால் கரண்ட் பில் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இதே விஷயம் காரில் நடந்தால், அவசரத்துக்கு வண்டி கிளம்பாது.

இப்போது கார்களில் மாட்டப்படும் ஆண்ட்ராய்டு பிளேயர் ஒரு முழுக் கம்ப்யூட்டர். அதற்குப் பிராசசர் உண்டு, ராம் உண்டு, பூட் ஆக நேரமும் பிடிக்கும். டேஷ் கேமரா, ஜி.பி.எஸ். டிராக்கர் ஆகியவையும் இதே இனம்தான். விற்பவர் திரை எத்தனை இஞ்ச், மெமரி எத்தனை ஜி.பி. என்று சொல்கிறார். சாவியை எடுத்த பிறகு அது எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்கும் என்று மட்டும் சொல்வதில்லை. நாம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

காட்டுமன்னார்கோயிலில் என் சித்தப்பா ஒரு சிறிய பெட்ரோல் கார் வைத்திருக்கிறார். வாரத்தில் ஓரிரு நாள் சிதம்பரம் போய் வருவதோடு சரி. பிளேயர் மாட்டிய பிறகு, மூன்று நாள் நின்றாலே செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி போய்விட்டது என்றார் மெக்கானிக். புது பேட்டரி போட்டார்கள். ஒரு மழைக்கால இரவு பாட்டிக்கு மூச்சுத் திணறல். புது பேட்டரி போட்ட கார் 'டக், டக்' என்றதே தவிர கிளம்பவில்லை. பக்கத்துத் தெரு ஆட்டோக்காரர் எழுந்து வந்ததால் பாட்டியைச் சிதம்பரம் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தது. அடுத்த வாரம் நான் ஊருக்குப் போனதும், "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே, என்னான்னு பாரேன்ப்பா. இன்னொரு பேட்டரி வாங்க என்னால ஆகாது" என்றார் சித்தப்பா.

இதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சாவியை எடுத்துவிட்டு, மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை இணைக்க வேண்டும். உடனே தெரியும் அளவை நம்பாதீர்கள். காருக்குள் இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அரை மணி நேரம்கூட ஆகலாம். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது. மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். பழக்கம் இல்லாதவர்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியனை வைத்து அளப்பது நல்லது.

எங்களுக்கு 340 மில்லி ஆம்பியர் காட்டியது. பிளேயரின் ஃப்யூஸைப் பிடுங்கியதும் 20-க்கு இறங்கிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 340 என்றால் ஒரு நாளைக்கு 8 ஆம்பியர் அவருக்கு மேல். சித்தப்பா காரில் இருப்பது 35 ஆம்பியர் அவர் பேட்டரி. இரண்டே நாளில் பாதி காலி. 20 என்றால் அதே பாதி காலியாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

இந்த பிளேயர்களுக்கு இரண்டு பவர் ஒயர்கள் உண்டு. மஞ்சள் ஒயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும்; கடிகாரமும் செட்டிங்ஸும் அழியாமல் இருப்பதற்காக. சிவப்பு ஒயரில் சாவியைத் திருப்பினால்தான் மின்சாரம் வரும். அது நின்றால்தான் வண்டி நின்றுவிட்டது என்று பிளேயருக்குத் தெரியும். இந்தக் காரில் இரண்டையும் ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றி, மஞ்சள் லைனிலேயே கொடுத்திருந்தார்கள். பட்டனை அழுத்தினால் திரை மட்டும் அணைந்தது. மாட்டிய கடையில் கேட்டேன். "அப்பதான் சார் பாட்டு உடனே வரும். பூட் ஆக லேட்டானா கஸ்டமர் திட்றாங்க" என்றார். பதில் நேர்மையானதுதான். ஆனால் அரை நிமிடக் காத்திருப்புக்கு விலை ஒரு பேட்டரியா?

செட்டிங்ஸை நினைவில் வைக்க இவ்வளவு மின்சாரம் தேவையே இல்லை. உங்கள் மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 பட்டன் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் அவர்தான். பிளக்கைப் பிடுங்கி வைத்தாலும் அதை வைத்தே வருடக்கணக்கில் தேதியும் நேரமும் ஓடுகின்றன.

ஒயரிங் சரியாக இருந்தும் சில கருவிகள் தூங்குவதில்லை. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஏடி அண்டு டி தன் 3ஜி சேவையை நிறுத்தியபோது, பழைய சுபாரு கார்கள் சிலவற்றில் இருந்த தகவல் தொடர்புப் பெட்டி இல்லாத டவரைத் தேடித் தேடியே பேட்டரியைக் காலி செய்தது. சிக்னல் இல்லாத இடத்தில் செல்போன் சார்ஜ் வேகமாக இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். மலிவு விலை டிராக்கர் வாங்குபவர்கள் இதை மனதில் வைக்கவும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் டி.வி. போன்ற வீட்டுச் சாதனங்கள் வெறும் ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது அரை வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்ற வரம்பு 2013-லேயே வந்துவிட்டது. சித்தப்பாவின் பிளேயர் இழுத்தது சுமார் 4 வாட். டி.வி.க்காவது சுவரில் இருந்து மின்சாரம் வந்துகொண்டே இருக்கிறது. நிற்கும் காருக்கு அந்த ஒரு பேட்டரிதான். பிளேயர், கேமரா பெட்டிகளின் மேலும் ஸ்டாண்ட்பை மின்சாரத்தை அச்சிட வேண்டும் என்று விதி வந்தால் நல்லது.

அதுவரை, பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரரையே மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மொத்தம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் வண்டியை எடுத்து வரலாம். டேஷ் கேமராவில் பார்க்கிங் மோட் வேண்டும் என்றால், பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் தானே நின்றுவிடும் ஒயரிங் கிட் கேட்டு வாங்குங்கள். அதில் கட்-ஆஃப் 12 வோல்ட்டுக்குக் கீழே செட் செய்யப்பட்டிருந்தால் உயர்த்தச் சொல்லுங்கள்.