திறமூலம், திறந்த வீடு அன்று

“திறமூல மென்பொருள்தானே? இலவசமாகக் கிடைப்பதற்கு யார் பெயரை ஐயா போடுவது?”

ஆசிரியர்கள் கூடும் இடங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல உள்ளம் கொண்டவர்கள். தம் நேரத்தையும் கைப்பணத்தையும் செலவழித்து மாணவர்களுக்காக உழைப்பவர்கள். இருந்தும் இந்தக் கேள்வியை நான் கடுமையாக மறுக்கிறேன். இஃது அறியாமையில் தொடங்கித் திருட்டில் போய் முடிகிறது.

நடப்பது என்ன? எங்கோ ஒருவர் பல மாதம் உழைத்து ஒரு சொல் விளையாட்டை எழுதி, மூலநிரலோடு இணையத்தில் வைக்கிறார். நம்மவர் ஒருவர் அதனைப் பதிவிறக்கிப் படங்களை மாற்றுகிறார். ஆங்கிலச் சொற்களை நீக்கித் தமிழ்ச் சொற்களை இடுகிறார். இதுவரை பாராட்டுக்குரிய பணிதான். அதற்குப் பிறகு, முகப்பில் இருந்த பெயரை அழித்துவிட்டு, ‘உருவாக்கம்’ என்று தம் பெயரையும் பள்ளிச் சின்னத்தையும் பொறிக்கிறார். அது புத்தாக்கப் போட்டிக்குப் போகிறது. நற்சான்றிதழும் வாங்கி வருகிறது. கூட்டம் கைதட்டுகிறது. என்னால் தட்ட இயலவில்லை.

திறமூலம் என்றால் உரிமையாளர் இல்லாத பொருள் என்று எண்ணுவது முதல் பிழை. திறமூல மென்பொருளுக்கு ஆக்கியவர் உண்டு, பதிப்புரிமையும் உண்டு. அந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டே, “எடுத்துக்கொள், மாற்று, பிறருக்கும் கொடு, ஆனால் இந்த நிபந்தனையைக் காப்பாற்று” என்கிறார் அவர். மிகவும் எளியது எனப்படும் எம்.ஐ.டி. உரிமத்தைப் பாருங்கள். அது கேட்பது, பதிப்புரிமைக் குறிப்பும் உரிம வாசகமும் படிகளில் நீங்காமல் இருக்க வேண்டும் என்பதே. 1991இல் வந்த ஜி.பி.எல். இரண்டாம் பதிப்போ, கோப்பை மாற்றினால் மாற்றியதையும் மாற்றிய நாளையும் குறிக்கச் சொல்கிறது. பணம் ஒரு காசும் கேட்காதவர் பெயரை மட்டும் கேட்கிறார். அதையும் மறுப்பது எந்த அறம்?

“இதெல்லாம் வெறும் வேண்டுகோள், சட்டத்தின் முன் நிற்காது” என்பார் சிலர். அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கை அவர்கள் அறிய வேண்டும்.

ராபர்ட் ஜேகப்சன் என்பவர் கலிபோர்னியாவில் இயற்பியல் பேராசிரியர். பொழுதுபோக்குக்காகப் பொம்மை இரயில்களை ஓட்டுவோருக்கென ஜே.எம்.ஆர்.ஐ. என்னும் திறமூல மென்பொருளைத் தன்னார்வலர் பலரோடு சேர்ந்து உருவாக்கினார். மேத்யூ கேட்சர் என்பவரின் நிறுவனம் அதன் கோப்புகளை எடுத்துத் தன் விற்பனை மென்பொருளில் பயன்படுத்தியது. எழுதியவர்கள் பெயர் இல்லை. பதிப்புரிமைக் குறிப்பு இல்லை. எங்கிருந்து எடுத்தது, என்ன மாற்றப்பட்டது என்ற விவரமும் இல்லை. 2007இல் கீழ் நீதிமன்றம், இது வெறும் ஒப்பந்த மீறலாகவே இருக்கலாம் என்று கருதித் தடையாணை தர மறுத்தது. 2008 ஆகஸ்டு 13ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை மாற்றியது. உரிமத்தில் உள்ளவை மெய்யான நிபந்தனைகள்; அவற்றை மீறிப் படியெடுத்தால் அது பதிப்புரிமை மீறலாகும் என்று தெளிவுபடுத்தியது. பணம் வாங்காமல் கொடுப்பவருக்கும் பொருள்மிக்க நலன்கள் உண்டு என்பதையும் அந்தத் தீர்ப்பு ஏற்றது. 2010இல் வழக்கு சமரசத்தில் முடிந்தபோது, எதிர்த்தரப்பு 100,000 டாலர் செலுத்த உடன்பட்டது. பொம்மை இரயில்தானே என்று எவரும் சிரித்துவிட்டுப் போகவில்லை!

நம் நாட்டிலும் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, ஆக்கியவரின் அறவுரிமையைப் பேசுகிறது. ஆயினும், சட்டத்திற்கு அஞ்சித்தான் நாம் நேர்மையாக இருக்க வேண்டுமா?

“பெயர் ஆசை இல்லாதவர்தானே உண்மையான கொடையாளி?” என்றும் வாதிடுவார்கள். நல்லது. எஸ்.கியூ.எல்.லைட் என்னும் புகழ்பெற்ற தரவுத்தள மென்பொருளைப் படைத்தவர்கள் பதிப்புரிமையை முற்றாகத் துறந்து அதனைப் பொதுவுடைமை ஆக்கினார்கள். உரிமைக் குறிப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாழ்த்துரையை வைத்தார்கள். துறந்தவர்கள் அவர்களே, வேறு எவரும் அவர்களுக்காகத் துறக்கவில்லை. தன் பெயரைத் துறப்பது ஈகை. பிறர் பெயரை அழித்து அங்கே தன் பெயரை எழுதுவதற்கு நம் மொழியில் வேறு சொல் இருக்கிறது.

“கல்விக்காகத்தானே செய்கிறோம்” என்பது கடைசி வாதம். கல்விக்காக என்பதால்தான் இது இன்னும் பெரிய தவறு. மாணவன் அடுத்தவன் கட்டுரையைப் பார்த்து எழுதினால் நாம் விடுவோமா? நம் மாணவர்கள் பயன்படுத்தும் ஸ்கிராட்ச் தளத்தில், ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் படைப்பை எடுத்து மாற்றி வெளியிட்டால், மூலப் படைப்பைச் செய்தவருக்கான நன்றி அந்தப் பக்கத்திலேயே தானாகத் தோன்றுகிறது. பத்து வயதுப் பிள்ளைக்குக் கற்பிக்கப்படும் இந்தப் பண்பு, பட்டம் பெற்ற நமக்குப் பாரமாகிவிட்டதா?

தமிழாசிரியர்களாகிய நமக்கு இது புதிய பாடமும் அன்று. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள், இயற்றியவர் பெயர் தெரியாத இடங்களில் தம் பெயரை எழுதிக்கொள்ளவில்லை. பாட்டில் இருந்த சொற்றொடரையே புலவருக்குப் பெயராக்கிச் செம்புலப்பெயல்நீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் போற்றி வைத்தார்கள். பெயர் தெரியாதவருக்கே பெயர் தந்த மரபு நம்முடையது. பெயர் தெரிந்தவரின் பெயரை நாம் அழிக்கலாமா?

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, திறமூல மென்பொருளைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், தமிழாக்கம் செய்யுங்கள். எடுக்கும்போது உரிமக் கோப்பைப் படியுங்கள், அதை நீக்காதீர்கள். முகப்பில் ‘மூல ஆக்கம்’ என்று அவர் பெயரையும், ‘தமிழாக்கமும் மாற்றமும்’ என்று உங்கள் பெயரையும் எழுதுங்கள். போட்டி நடத்துவோர் மூலம் எது என்று கட்டாயம் கேளுங்கள், சொல்லாதவரைச் சேர்க்காதீர்கள். பெற்றோர்களே, பிள்ளை ஒரு நிரலைக் காட்டி மகிழும்போது, “இதில் நீ செய்தது எது, எடுத்தது எது?” என்று அன்போடு கேளுங்கள்.

இரண்டு பெயர்கள் அருகருகே நிற்பதால் எவருடைய புகழும் குறைந்துவிடாது.