சுற்றுலாவில் வெள்ளைக்காரப் பாடம் எதற்கு?

கொரியப் பள்ளிகளில் வசந்தச் சுற்றுலா வந்தால் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியரை என்ன செய்வது என்று ஒரு குழப்பம் வரும். "உங்களுக்கு இன்னைக்குப் பாடம் இல்லையே, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்பார்கள். மரியாதை மாதிரிதான் கேட்கும். காலிப் பள்ளியில் நாள் முழுக்க நாற்காலி தேய்ப்பதற்குப் பெயர் ரெஸ்டாம்!

1995இல் எபிக் திட்டம் தொடங்கி, பெரும்பாலும் ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்காரர்களையே வரவழைத்தது எதற்கு? பேச்சு ஆங்கிலத்துக்கு. (கனடா பாஸ்போர்ட் இருந்ததால் என் போன்ற கறுத்த தமிழனும் நுழைந்துவிட்டேன், அது தனிக்கதை.) ஆனால் சுனுங் தேர்வில் பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது. பிள்ளைகளுக்கு அது நன்றாகவே தெரியும். வகுப்பில் வாயைத் திறப்பார்களா?

கியோங்ஜுவில் திறந்தார்கள். வருடம் முழுக்கப் பேசாத ஒருவன் அம்மா சுருட்டித் தந்த கிம்பாப்பை நீட்டி, "டீச்சர், ஈட்!" என்றான். பிறகு பத்து வொன் காசை எடுத்து, அதிலிருக்கும் தபோதாப் கோபுரமும் புல்குக்சாவில் நாங்கள் பார்த்ததும் ஒன்றுதான் என்று தட்டுத்தடுமாறி விளக்கினான். இதை எந்தப் பாடப்புத்தகம் வரவழைக்கும்?

பாதுகாப்பு என்பார்கள். 2014இல் சேவொல் கப்பலோடு சுற்றுலா போன 250 தன்வொன் பள்ளி மாணவர்கள் செத்துப்போன நாடு இது. தலை எண்ணும் வகுப்பாசிரியையின் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்கு இன்னொரு ஜோடிக் கண் உதவுமா, உதவாதா? குரூப் போட்டோவுக்கு மட்டும் முன்வரிசையில் நிறுத்துகிறீர்களே, பத்துப் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலையும் கையில் கொடுங்கள். கொரிய மொழியில் பத்துவரை எண்ண எனக்குத் தெரியும்.