எந்தக் கப்பல் நல்ல கப்பல்?

ஒரு காலத்தில் மாட்டுங்கா மார்க்கெட்டில் நம்மவர் இருவர் சந்தித்துக்கொண்டால், கோடை விடுமுறைக்குச் சென்னை மெயிலில் டிக்கெட் கிடைத்ததா என்றுதான் பேச்சு தொடங்கும். இப்போது செம்பூரிலும் முலுண்டிலும் சில வீடுகளில் "இந்த வருஷம் எந்தக் கப்பல்?" என்ற கேள்வி கேட்கிறது. ஓய்வுபெற்ற தம்பதிகள் மூன்றாவது முறை, நான்காவது முறை என்று கப்பலேறுகிறார்கள். பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து வந்து பெற்றோரையும் பேரக் குழந்தைகளையும் சேர்த்து அழைத்துப் போகிறார்கள். உழைத்து ஓய்ந்தவர்கள் கடல் காற்று வாங்கப் போவதில் யாருக்கு என்ன ஆட்சேபணை?

இவர்கள் கப்பலுக்குக் கப்பல் ஒப்பிடும் முறையில்தான் எனக்கு உடன்பாடில்லை. எது பெரியது, எத்தனை மாடி, எந்தக் கம்பெனியில் எத்தனை பாயிண்ட் சேர்ந்திருக்கிறது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கூட வருகிற வயதானவர்களுக்கு அந்தக் கப்பல் எப்படி, கடைசி நாள் பில்லில் என்னென்ன ஏறுகிறது, அதில் நமக்குப் பரிமாறியவனுக்குப் போவது எவ்வளவு என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. என் கணக்கில் இவைதான் முதல் கேள்விகள்.

பெரிசு, சின்னது என்ற வாதத்தை முதலில் பார்ப்போம். 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கிய கார்டிலியா கம்பெனியின் எம்ப்ரெஸ், 1990இல் பிரான்சில் கட்டப்பட்டது. ஏறக்குறைய 48,500 டன். (கப்பல் விளம்பரத்தில் வரும் டன் எடையல்ல, உள்ளே இருக்கும் இடத்தின் அளவு.) சிங்கப்பூரிலிருந்து போகும் ஜென்டிங் ட்ரீம் 1,50,000 டன்னுக்கு மேல், நீளம் 335 மீட்டர். 2022இல் ராயல் கரீபியன் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்த ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ் அதைவிடப் பெரியது. அதில் கடலுக்கு 300 அடி உயரத்தில் ஆளைத் தூக்கிக் காட்டும் கண்ணாடிக் கூண்டு உண்டு. முட்டி விளையாடும் குட்டிக் கார்களும் உண்டு. பத்து வயதுப் பேரன் கூட வந்தால் இந்தப் பெரிய கப்பல்களுக்கு ஈடு கிடையாது, அதில் வாதமில்லை.

எழுபத்தைந்து வயது மாமியார் வந்தால் கதை வேறு. 335 மீட்டர் கப்பலில் ஒரு கோடியில் அறையும் மறுகோடியில் சாப்பாட்டுக் கூடமும் அமைந்துவிட்டால், மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் போய்வருவதே ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் நடையாகிவிடும். லிஃப்ட் உண்டு; லிஃப்டுக்குக் கூட்டமும் உண்டு. எம்ப்ரெஸின் நீளம் 211 மீட்டர்தான். வழி தவறினாலும் சீக்கிரம் அறைக்குத் திரும்பிவிடலாம். மும்பை–கோவா–மும்பை பயணத்துக்குப் பாஸ்போர்ட்டே வேண்டாம், ஆதார் அட்டை போதும். பாட்டிக்கு விசா எடுக்க யாரும் அலைய வேண்டியதில்லை.

சின்னக் கப்பலுக்குக் குறைகளும் உண்டு. அறை சின்னது, குளியலறையில் திரும்பினால் முழங்கை இடிக்கும். அலை அதிகமானால் ஆட்டமும் அதிகம். அறை எடுப்பவர்கள் காசைப் பார்க்காமல் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளமாகப் பார்த்து எடுக்கட்டும். மேல்தளத்து முனையில் பால்கனி வைத்து எடுத்துவிட்டு இரவெல்லாம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்று: லட்சத்தீவு போன்ற இடங்களில் கப்பல் கரைக்கு வராது. நடுக்கடலில் சிறு படகுக்கு மாறித்தான் தீவுக்குப் போகவேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளவேண்டும்.

சின்னக் கப்பல் போகிற இடத்துக்குப் பெரிய கப்பல் எல்லா இடத்திலும் போக முடியாது என்பதையும் சேர்த்து எடை போடவேண்டும். 2023 ஜூனில் இதே எம்ப்ரெஸ் சென்னையிலிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றி வந்தது. கோணேசுவரத்தையும் நல்லூரையும் கடல்வழியாகப் போய்ப் பார்க்கும் வாய்ப்பு எந்தக் கண்ணாடிக் கூண்டுக்கும் குறைந்ததல்ல என்பது என் கட்சி.

சாப்பாட்டு விஷயத்தில் நம்மவர்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். மும்பைக் கப்பலில் சைவம், ஜைன உணவு எல்லாம் சகஜம். வெளிநாட்டுக் கப்பல்களிலும் சமையலறையில் இந்தியச் சமையல்காரர்கள் இருப்பது வழக்கம். முதல் நாள் இரவே தலைமைப் பரிமாறுபவரிடம் மறுநாளைக்கு இந்தியச் சைவச் சாப்பாடு வேண்டும் என்று சொல்லிவிட்டால் பருப்பும் காய்கறியும் பண்ணித் தருகிறார்கள். இட்லி, சாம்பாரை எதிர்பார்க்கவேண்டாம். வெறும் சாதமும் இனிப்பில்லாத தயிரும் எங்கும் கிடைக்கும். ஊறுகாய் பாக்கெட் நம் பையில் இருந்தால் போதும். ஊறுகாய் இல்லாமல் கப்பலேறும் தமிழர் இன்னும் என் கண்ணில் படவில்லை.

பாயிண்ட் மோகம்தான் எனக்குப் புரியவில்லை. ராயல் கரீபியனில் சாதாரண அறையில் ஓர் இரவுக்கு ஒரு பாயிண்ட். 80 பாயிண்ட் சேர்ந்தால் வைர அந்தஸ்து. அதன் முக்கியச் சலுகை என்ன தெரியுமா? தினமும் நான்கு பானம் இலவசம். அதில் காப்பியும் வாங்கிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் நான்கு காப்பிக்காக 80 இரவு கடலில் தூங்கவேண்டுமா? அதே கம்பெனியில் ஓர் அறையில் ஒருவர் மதுபானத் திட்டம் வாங்கினால், அந்த அறையிலுள்ள மற்றப் பெரியவர்களும் வாங்கியாகவேண்டும். மாப்பிள்ளையோடு ஒரே அறையில் தங்கும் மாமனார்கள் கவனிக்க.

மேலும், பாயிண்ட் சேர்த்த கம்பெனி நாளை இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஏது? 2019 ஏப்ரலில் மும்பையில் ஆரவாரத்தோடு தொடங்கிய ஜலேஷ் 2020இலேயே நின்றது; அதன் கர்ணிகா கப்பல் குஜராத்தின் அலங்கில் உடைக்கப்பட்டது. ஸ்டார் குரூசஸ், ட்ரீம் குரூசஸ் இரண்டுக்கும் தாய்க் கம்பெனியான ஜென்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் மூடுவதற்கு மனுப் போட்டது. ஜென்டிங் ட்ரீம் பிறகு ரிசார்ட்ஸ் வேர்ல்டு என்ற புதிய பெயரின் கீழ்தான் திரும்பி வந்தது. ஒரே கம்பெனியைக் கட்டிக்கொண்டு அழாமல், அந்தந்த வருஷத்துக்கு எது தோதோ அதில் போவதே மேல்.

இனி, நம்மவர்கள் வெளிப்படையாகப் பேசாத ஒன்றுக்கு வருகிறேன். நான் போன ஒரு கப்பலில் கடைசி இரவு கவுண்டருக்கு முன்னால் நீண்ட வரிசை. பாதிப் பேர் நம் நாட்டவர். முன்னால் நின்றவர் தமிழிலேயே விளக்கினார்: "சொல்லாம கொள்ளாம டிப்ஸ்னு இருபதாயிரம் போட்டிருக்கான் சார். நாம போய்க் கேட்டா எடுத்துடுவான்."

கணக்கு சரிதான். ராயல் கரீபியன் 2024 இறுதியில் சாதாரண அறைக்கு இந்தத் தொகையை ஆளுக்கு ஓர் இரவுக்கு 18.50 டாலராக உயர்த்தியது. நால்வர், மூன்று இரவு என்றால் 222 டாலர். ரூபாயில் பத்தொன்பது, இருபது ஆயிரம் வரும். குழந்தைக்கும் உண்டு. ஆனால் "சொல்லாமல் கொள்ளாமல்" என்பது சரியல்ல. விளம்பரத் தொகையோடு துறைமுகக் கட்டணம், வரி, டிப்ஸ் எல்லாம் தனியாகச் சேரும் என்று சின்ன எழுத்திலாவது போட்டிருப்பார்கள். புடவைக் கடையில் ஃபால்ஸ் தைக்க எவ்வளவு என்று கேட்கத் தெரிந்த நமக்கு இதைக் கேட்கத் தெரியாதா?

அந்தப் பணம் யாருக்குப் போகிறது? தினம் அறையைத் துப்புரவாக்கி, துண்டை யானையாக மடித்துக் குழந்தையைச் சிரிக்கவைக்கும் பையனுக்கு, பரிமாறுபவருக்கு, நம் கண்ணில் படாத மற்றச் சிப்பந்திகளுக்கு. ஆறு முதல் ஒன்பது மாதம் வரை ஒப்பந்தம், வார விடுமுறை என்ற பேச்சே பெரும்பாலும் கிடையாது. கடல்தொழிலாளர் பற்றிய சர்வதேச உடன்படிக்கை வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் தருகிறது. இந்தியாவும் 2015இல் அதை ஏற்றுக்கொண்டது. 72 மணி என்றால் வாரம் ஏழு நாளும் பத்து மணி நேரத்துக்கு மேல். இவர்களில் கோவாக்காரர், மும்பைக்காரர் ஏராளம். பலருக்கு வருமானத்தில் பெரும்பங்கு இந்த டிப்ஸ்தான்.

"கம்பெனியே சம்பளம் கொடுக்கவேண்டியதுதானே?" என்பார்கள். கொடுக்கவேண்டும்தான். டிக்கெட் விலையிலேயே அதைச் சேர்த்துவிட்டு நேர்மையாக விளம்பரம் செய்யவேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் கவுண்டரில் நின்று அதை வெட்டச் சொன்னால் கம்பெனிக்கு ஒரு காசு நஷ்டமில்லை; துண்டு மடித்தவனுக்குத்தான் நஷ்டம். "அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன்" என்பதும் பாதி நியாயம்தான். அறைப் பையனுக்குக் கிடைக்கும். பொதுப் பங்கிலிருந்து வாங்கும் மற்றவர்களுக்குக் கிடைக்காது. கிங்ஸ் சர்க்கிள் மெஸ்ஸில் சாப்பிட்டு, மாதக் கடைசியில் மணியார்டர் அனுப்பி வளர்ந்த தலைமுறை நாம். குடும்பத்தை விட்டு வந்து வேலை பார்ப்பவன் ஊருக்கு அனுப்பும் பணத்தின் கனம் நமக்குத் தெரியாததல்ல. டிப்ஸைச் சேர்த்தால் கட்டுப்படியாகவில்லையா? பால்கனி அறைக்குப் பதில் உள்ளறை எடுத்துக்கொள்ளலாமே.

டாக்டர் விஷயம் ஒரு வரி. கப்பலில் டாக்டர் உண்டு, இலவசமில்லை. நம் ஊர் மெடிக்ளைம் பாலிசிகள் பெரும்பாலும் நாட்டுக்கு வெளியே செல்லாது. பெற்றோரின் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் மறைக்காமல் எழுதி, கப்பல் பயணத்தையும் சேர்த்துப் பயண இன்ஷூரன்ஸ் எடுப்பது அவசியம்.

சங்கத்தின் சார்பில் குழுவாக ஒரு கப்பல் பயணம் போகலாம் என்று சிலர் விரும்புகிறார்கள். போகலாம். மழைக்காலம் கழிந்து, டிசம்பருக்குமேல் கடல் அமைதியாக இருக்கும்போது மும்பையிலிருந்தே மூன்று இரவு போதும். அறைகள் நடுப்பகுதியில், சாப்பாடு முதல் பந்தியில் என்று முன்பே கேட்டு வாங்கவேண்டும். உறுப்பினர்களிடம் வசூலிக்கும் தொகையிலேயே டிப்ஸையும் வரியையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் கடைசி இரவு யாரும் கவுண்டர் வரிசையில் நிற்கவேண்டியிராது. மேல்தளத்தில் பாட்டுக் கச்சேரி வைத்துக்கொள்ளலாம்.