ஆவடி டாங்கி: எடை முக்கியமா, உயிர் முக்கியமா?

எண்ணூர்:
எண்ணூரில் லாரி மாதிரி, பக்கத்து ஆவடியில் ராணுவ டாங்கி தயாராகிறது. ரஷிய டி-72 'அஜேயா', டி-90 'பீஷ்மா' எல்லாம் இங்கே உருவானவைதான்.

டி-90 எடை சுமார் 46 டன். 3 வீரர் போதும், குண்டை எந்திரமே நிரப்பும். ஆனா அந்த குண்டுகள் இருப்பது வீரர்களின் காலடியில். 2022-ல் தொடங்கிய உக்ரைன் போரில் அடிபட்ட ரஷிய டாங்கிகளின் மேல்கூண்டு தூக்கி வீசப்பட்டது இதனால்தான்.

அமெரிக்காவின் ஆப்ராம்சில் பெரும்பாலான குண்டுகள் பின்பக்கம் தனி அறையில். வெடித்தாலும் தீ வெளியே போய்விடும். ஆனா எடை 60 டன்னுக்கு மேல், சின்ன பாலம் தாங்காது.

2021-ல் 118 ஆர்டர் ஆன அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கியும் 68 டன், 4 வீரர்.

பாலத்தை பார்ப்பது சரிதான். உள்ளே உட்காருபவன் உயிரையும் பார்க்கணும்!