ஏடிஎம் கார்டு தொலைந்தால்: கை நழுவும் மூன்று நாட்கள்

2025 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் முடித்து வைத்த வழக்கில் சிக்கியிருந்த தொகை 94,204 ரூபாய் 80 காசு. அசாமைச் சேர்ந்த ஸ்டேட் வங்கி வாடிக்கையாளர் ஒருவர், இணையத்தில் வாங்கிய துணியைத் திருப்பி அனுப்ப முயன்றார். அந்த நிறுவனத்தின் சேவை மையத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவன் அவரது கைபேசியில் ஒரு செயலியை இறக்கச் செய்து, கணக்கிலிருந்த பணத்தை எடுத்துவிட்டான். இது 2021 அக்டோபரில் நடந்தது. தவறு வாடிக்கையாளருடையது என்று வங்கி கை விரித்தது. கௌஹாத்தி உயர் நீதிமன்றம் வங்கியே பணத்தைத் தர வேண்டும் என்றது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வும் அதையே உறுதி செய்தது. ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது, வாடிக்கையாளரும் விழிப்பாக இருக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அந்த உத்தரவில் உண்டு.

அவர் வென்றதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, 24 மணி நேரத்துக்குள் வங்கியிடம் புகார் சொன்னது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தேர்வாய் கண்டிகையிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும், பொன்னேரி, மீஞ்சூர், பழவேற்காடு பகுதிக் குடும்பங்களுக்கும் இந்த ஒரு செய்தி போய்ச் சேர்ந்தாலே பெரிய இழப்புகள் தவிரும் என்று நினைக்கிறோம். கார்டு தொலைந்ததை, பணம் போனதை மறைத்து வைக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். வாப்பா திட்டுவார், மாமியார் பேசுவார், ஊர் சிரிக்கும் என்று நான்கைந்து நாள் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, அதன் பிறகு பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் வந்து நிற்கிறார்கள். அதற்குள் சட்டம் கொடுத்த பாதுகாப்பில் பாதி கரைந்து போயிருக்கும்.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2016-ல் நாடெங்கும் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் விவரங்கள் கசிந்ததாகச் செய்தி வந்தது நினைவிருக்கும். ஸ்டேட் வங்கி மட்டும் சுமார் 6 லட்சம் கார்டுகளை முடக்கி, புதிதாகக் கொடுத்தது. அடுத்த ஆண்டு, 2017 ஜூலை 6 அன்று, ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கியின் குறையால் பணம் போனால், நாம் புகார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் முழுப் பொறுப்பு வங்கியுடையது. வங்கியிடமும் நம்மிடமும் குறை இல்லாமல் வேறு எங்கோ நடந்த திருட்டு என்றால், வங்கியின் தகவல் நமக்குக் கிடைத்ததிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் புகார் சொன்னவருக்கு ஒரு ரூபாய் கூட இழப்பு இல்லை. தகவல் கிடைத்த நாள் இந்தக் கணக்கில் சேராது. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் சொன்னால், சாதாரணச் சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நாம் ஏற்க வேண்டும். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைக் கணக்கு என்றால் 5,000. ஏழு நாள் தாண்டிவிட்டால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான்.

பின் நம்பரையோ ஓடிபியையோ நாமே சொல்லி ஏமாந்திருந்தால், புகார் சொல்லும் நிமிடம் வரை போனது நம் பணம். சொன்ன பிறகு போவது வங்கியின் பணம். ஆகவே, நம் மீது தவறு இருந்தாலும்கூட உடனே சொல்வதுதான் லாபம். வாடிக்கையாளர் தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டிய கடமை வங்கியுடையது என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. வங்கிக் கிளையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இதைத் தானாக எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கார்டு காணவில்லை என்றதும் முதலில் அதை முடக்க வேண்டும். வங்கிச் செயலியிலேயே முடக்கலாம். அல்லது வங்கியின் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். ஸ்டேட் வங்கிக்கு 1800 1234. அந்த எண் கார்டின் பின்புறத்தில்தான் அச்சிடப்பட்டிருக்கும், கார்டோ கையில் இல்லை! எனவே இன்றைக்கே கைபேசியிலும், வீட்டுக் காலண்டரின் ஓரத்திலும் அதை எழுதி வையுங்கள். அவசரத்தில் கூகுளில் தேடி எடுத்த எண்ணுக்கு அழைத்து, திருடனிடமே மீண்டும் போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. பணமும் போயிருந்தால் அடுத்த அழைப்பு 1930. களவு போன பணம் இன்னொரு கணக்குக்கு மாற்றப்பட்டிருந்தால், வழியிலேயே அதை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு அது. ஏடிஎம்மில் ரொக்கமாக எடுத்துவிட்டால் நிறுத்தி வைக்க எதுவும் இருக்காது என்பதால்தான் இந்த அவசரம். காவல் நிலையத்தில் ரசீது வாங்கிய பிறகுதான் கார்டை முடக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. புகார் எண்ணையும் அழைத்த நேரத்தையும் குறித்துக்கொண்டு, அன்றோ மறுநாளோ கிளையில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏடிஎம் வாசலில் 'நான் எடுத்துத் தருகிறேன்' என்று உதவ வருபவன் பின் நம்பரைப் பார்த்துக்கொண்டு, அதே நிறத்தில் வேறொரு கார்டைக் கையில் திணித்து அனுப்பும் மோசடி தமிழகத்தில் பழையது. முதியவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் கார்டு பத்திரமாக இருப்பதாகவே நம்புவார்கள். இயந்திரத்தை விட்டு நகரும் முன் கார்டில் இருக்கும் பெயரைப் படித்துப் பார்ப்பது ஒன்றே இதற்கு வழி. இன்னொன்று: 2021 ஜனவரியிலிருந்து 5,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமல் தொட்டே பணம் செலுத்தலாம். இது திருடனுக்கும் வசதி. தேவையில்லாதவர்கள் செயலியில் அந்த வசதியை அணைத்து வைக்கலாம்.

நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. வளைகுடா போகும் கணவர் கார்டையும் பின் நம்பரையும் மனைவியிடமோ தம்பியிடமோ கொடுத்துவிட்டுப் போகிறார். வங்கியின் குறுஞ்செய்தி, அலமாரியில் கிடக்கும் பழைய சிம்முக்குப் போகிறது. பெங்களூரில் 2013 நவம்பரில், பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண் கணவரிடம் கார்டையும் பின் நம்பரையும் கொடுத்து 25,000 ரூபாய் எடுத்து வரச் சொன்னார். இயந்திரம் சீட்டைத் தந்தது, பணத்தைத் தரவில்லை. வழக்கு 2018 வரை நடந்தது. பின் நம்பரை இன்னொருவரிடம் கொடுத்தது விதிமீறல் என்ற வங்கியின் வாதத்தை நுகர்வோர் மன்றம் ஏற்று, புகாரைத் தள்ளியது. கணவன் மனைவி என்பதை அங்கே யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இது கடுமையான தீர்ப்பு என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனாலும் அப்படித்தான் முடிந்தது.

மனைவி பெயரிலேயே ஒரு சேமிப்புக் கணக்கு, அவருடைய கைபேசி எண், அவருடைய கார்டு என்று வைத்து, மாதச் செலவுப் பணத்தை அதில் போட்டுவிட்டால் இந்தச் சிக்கலே எழாது. பெண்ணின் சொத்து பெண்ணுக்கே உரியது என்று மேடைகளில் பெருமையாகப் பேசும் நாம், வங்கிக் கணக்கு என்று வரும்போது ஏனோ தயங்குகிறோம்.

சிப்காட் தொழிலாளர்களின் நிலை இன்னும் சிரமமானது. அசாம், பீகார், வங்கம், ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்களில் பலருக்குச் சம்பளக் கணக்கில் பதிவான எண் எது என்பதே தெரியாது. சிலர் கார்டை ஒப்பந்தக்காரரிடமோ அறை நண்பரிடமோ கொடுத்து வைத்திருக்கிறார்கள். 'கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடு, மாதம் சில ஆயிரம் தருகிறேன்' என்று அணுகுபவர்களும் உண்டு. அப்படிக் கொடுத்த கணக்கு வழியாகத்தான் வேறு ஊரில் திருடப்பட்ட பணம் போகிறது. போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரனைத்தான். அதுபோல, தானே பின் நம்பரைச் சொல்லிவிட்டு, சொல்லவேயில்லை என்று எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். பொய்ப் புகார் எழுதி வாங்கும் பணம் ஆகுமானதல்ல. உள்ளதை உள்ளபடி எழுதினாலே, புகாருக்குப் பிந்தைய இழப்பு திரும்பக் கிடைக்கும்.

புகார் வந்த பத்து வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். புகாரை நிராகரித்தாலோ 30 நாட்களாகியும் பதில் இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448. ஜும்ஆ முடிந்ததும் ஒரு மேசை போட்டு, படித்த இளைஞர்கள் இருவர் உட்கார்ந்து, வந்தவர்களின் கணக்கில் எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துக் கொடுக்கலாம். பின் நம்பரை மட்டும் அவர்களும் கேட்கக்கூடாது.