அடங்காத பிள்ளைகள்

வில்லியனூர்த் தேர் நகரும்போது மேளமும் வேட்டும் கேட்டுக் குதூகலிக்காத குழந்தை உண்டா? உண்டு. சில குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு வீறிடும். கையை உதறிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடும். உடனே ஊரார், "பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை" என்று தாயின்மீது தீர்ப்புக் கூறிவிடுவார்கள். இத்தீர்ப்பை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

1943-ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரத்து டாக்டர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 'ஆட்டிசம்' தனியொரு நிலையாக அறியப்பட்டது அப்போதுதான். தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்று மேல்நாட்டு நிபுணர்கள் பலரும் சில காலம் பேசி வந்தார்கள். அத்தகைய மகனைப் பெற்ற பெர்னார்டு ரிம்லண்டு என்பவர் 1964-ல் ஒரு நூல் எழுதி அந்த வாதத்தைத் தகர்த்தார். இது மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு, தாயின் குற்றமன்று.

கண், காது, தோல் மட்டுமல்ல, தசையும் மூட்டும் உட்செவியுங்கூட மூளைக்கு ஓயாமல் செய்தி அனுப்புகின்றன. இக்குழந்தைகளில் சிலருக்குச் சிற்றோசையும் இடியாகிறது. சிலருக்கு எவ்வளவு சுழன்றாலும் போதுவதில்லை. அந்நிலையில் 'சும்மா உட்கார்' என்றால் குழந்தை எங்ஙனம் உட்காரும்? கலிபோர்னியாவில் ஜீன் ஏயர்ஸ் அம்மையார் 1972-ல் வெளியிட்ட நூல் இதையே ஆராய்ந்தது. ஆக்குபேஷனல் தெரபி என்னும் செயல்முறைச் சிகிச்சையில் வல்லவர், எது குழந்தையைக் கலக்குகிறது, எது அமைதிப்படுத்துகிறது என்று முதலில் கவனிப்பார். பிறகு, இரண்டு நிமிஷ வேலையை மூன்றாக்கி, மூன்றை ஐந்தாக்கிக் கவனத்தை வளர்ப்பார். அன்றைய காரியங்களைப் படங்களாக வரிசைப்படுத்திக் காட்டுவார்.

இதற்குச் சீமைச் சாமான்கள் வேண்டுமென்பதில்லை. ஊஞ்சல், மணல், நெல் அளத்தல், தண்ணீர்க் குடம் தூக்குதல், பல்லாங்குழி எல்லாம் பாகூர் வீடுகளில் கிடைப்பவையே. ஆனால் ஒரு குழந்தைக்கு உகந்தது மற்றொன்றுக்கு ஆகாது; ஆகவே பழகியவரின் வழிகாட்டுதல் அவசியம். அமெரிக்காவில் பிறந்து இந்தியாவையே தாயகமாகக் கொண்ட கமலா நிம்ப்கர் அம்மையார் இக்கலைக்கு 1950-ல் பம்பாயில் கல்விக்கூடம் அமைத்தார். அதன் பயன் கிராமத்துக்கு எட்ட வேண்டாமா?

புதுவையில் சித்ரா ஷா அம்மையார் 2003-ல் தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளி போன்ற நிலையங்கள் இத்துறையில் தொண்டாற்றுகின்றன. எனினும் நடவுக்குப் போகும் தாய் பிள்ளையுடன் நகரத்துக்குப் பஸ் ஏறினால் அன்றைய கூலி போயிற்று. வாரம் ஒரு நாளாவது பயிற்சி பெற்றவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அங்கன்வாடிக்கோ வரவேண்டும். தாய்க்கும் ஆசிரியைக்கும் கற்றுத்தர வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே நாம் கேட்பது தர்மமன்று, உரிமை.

ஊராருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தேருக்குக் காதைப் பொத்திய குழந்தை ஒன்று வந்தால், தாயை ஏசாமல் சற்று ஒதுங்கி வழிவிடுங்கள். சுவாமிக்கும் அது சம்மதமாகவே இருக்கும்.